சம்பாவுக்கு இருட்டு வேணும், நமக்கும் வேணும்

பருவம் பார்த்துப் பூக்கிற நெல்லுக்கு நாள் கணக்கு நம்மைவிட நல்லாத் தெரியும். மாப்பிள்ளைச் சம்பா, ஒட்டடையான் மாதிரி நீண்ட நாள் பாரம்பரிய ரகத்தை ஒருத்தர் ஆடிக் கடைசியில் விதைக்கிறார், பக்கத்து வயல்காரர் மூணு வாரம் கழிச்சு விதைக்கிறார்னு வச்சுக்குங்க. கதிர் வாங்கும்போது ரெண்டு வயலுக்கும் நடுவில் மூணு வார வித்தியாசம் இருக்காது. பின்னால் விதைச்சது ஓடி வந்து முன்னால் விதைச்சதைக் கிட்டத்தட்டப் பிடிச்சிடும். குறுவைக்குப் போடுற ஆடுதுறை 36, ஆடுதுறை 43 அப்படி இல்லை. விதைச்ச தேதியிலிருந்து விரல் விட்டு எண்ணிக்கலாம்.

இந்தச் சம்பா எதைப் பார்த்து நாளை எண்ணுது? தஞ்சாவூரில் ஜூன் கடைசியில் பகல் சுமார் 12 மணி 45 நிமிஷம். டிசம்பர் கடைசியில் 11 மணி 30 நிமிஷம். வருஷம் முழுக்க வித்தியாசம் ஒண்ணேகால் மணி நேரம்தான். அதுலயும் வாரத்துக்குச் சில நிமிஷம்தான் குறையுது. அந்தச் சில நிமிஷத்தை நெல் கண்டுபிடிக்குது. 1920ல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற ரெண்டு பேர் புகையிலையை வச்சு இதை முதலில் நிரூபிச்சாங்க. செடி பகலின் நீளத்தைப் பார்த்துப் பூக்குதுன்னு அப்போ எழுதினாங்க. 1938ல் ஹாம்னர், பானர் ரெண்டு பேரும் மருளூமத்தைச் செடியில் சோதனை பண்ணினப்ப கதை திரும்பிடுச்சு. பகல் நடுவில் செடியைக் கொஞ்ச நேரம் இருட்டில் வச்சாங்க, ஒண்ணும் ஆகலை. ராத்திரி நடுவில் சில நிமிஷம் விளக்கைப் போட்டாங்க, செடி பூக்கவே இல்லை. ஆக, அது அளக்கிறது பகலை இல்லை, இரவை. அதுவும் இடையில் உடையாத இரவை.

இதை நம்ம ஊரிலேயே பார்க்கலாம். சாலை ஓரத்து வயலில் தெருவிளக்குக்கு நேர் கீழே ஒரு வட்டம் மட்டும் பச்சையா நிக்கும். சுத்தி எல்லாம் தொண்டைக் கதிர் தாண்டிப் பூத்து, பால் பிடிச்சுக்கிட்டிருக்கும். அந்த வட்டத்துக்கு யூரியா அதிகம் விழுந்திடுச்சோன்னு சிலர் கேட்பாங்க. இயற்கை விவசாயத்தில் யூரியா எங்கே வந்தது? விளக்குதான் காரணம். ஜப்பானில் இதைப் பல வருஷமா ஆராய்ச்சி செஞ்சு, நெல்லைத் தொந்தரவு செய்யாத தெருவிளக்கு வடிவமைக்கிற அளவுக்குப் போயிட்டாங்க. நம்ம பக்கம் செய்யக்கூடியது, விளக்கின் வயல் பக்கத்துக்கு ஒரு தகர மறைப்பு கேட்கிறது. வெளிச்சம் ரோட்டில்தானே விழணும்.

கோழிப்பண்ணைக்காரர்களுக்கும் இந்த வித்தை தெரியும். நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிக் கொட்டகையில் சூரிய வெளிச்சத்தோடு பல்பு வெளிச்சத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 16 மணி நேரம் கணக்குப் பண்ணி வைக்கிறாங்க. அப்பதான் முட்டை குறையாது. கறவை மாட்டுக்கும் 16 முதல் 18 மணி நேர வெளிச்சம் கிடைச்சா பால் கொஞ்சம் கூடும்னு வெளிநாட்டு ஆய்வுகள் சொல்லுது. ஆனா 24 மணி நேரமும் விளக்கு எரிஞ்சா அந்தக் கூடுதல் வர்றதில்லை. மாட்டுக்கும் ஒரு இருட்டு வேண்டியிருக்கு. கொட்டகையில் விடிய விடிய டியூப் லைட் போட்டு வைக்கிறவங்க கவனிக்கணும்.

நெல்லுக்கும் கோழிக்கும் மாட்டுக்கும் இருக்கிற கணக்கு மனுஷனுக்கு மட்டும் இல்லாமல் போகுமா? இந்தக் கட்டுரை அதைப் பத்தித்தான்.

நம்ம உடம்புக்குள்ளே ஒரு கடிகாரம் இருக்குன்னு சொல்றது உவமை இல்லை. ரெண்டு கண்ணிலிருந்தும் மூளைக்குப் போகிற நரம்புகள் குறுக்கே கடக்கிற இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து இருக்கு. தூக்கம், பசி, உடம்புச் சூடு, ரத்த அழுத்தம், சர்க்கரையை உடம்பு கையாளுகிற விதம், எல்லாத்துக்கும் நேரம் குறிச்சுக் கொடுக்கிறது அதுதான். செல்லுக்குள்ளே அந்தக் கடிகாரம் எந்த மரபணுக்களால் ஓடுதுன்னு பழ ஈக்களை வச்சுக் கண்டுபிடிச்ச ஹால், ராஸ்பாஷ், யங் மூணு பேருக்கும் 2017ல் நோபல் பரிசு கிடைச்சது.

இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. நம்ம ஆட்களுக்கே அது அதிகம் தெரியாது. பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் ஜெர்மனியில் ட்யூபிங்கன் நகரத்தில், அவரையிலை மடங்கி விரிகிறதை வச்சு உயிர்க்கடிகாரத்தை ஆராய்ஞ்ச எர்வின் ப்யூனிங்கிடம் வேலை பார்த்தவர். 1970களில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். மதுரையைச் சுத்தி இருக்கிற குகைகளில் வௌவால்களை ஆராய்ச்சி செய்ய ஆரம்பிச்சார். குகைக்குள்ளே எப்பவும் கும்மிருட்டு. வெளியே பொழுது சாஞ்சது வௌவாலுக்கு எப்படித் தெரியும்? ஒத்தை வௌவாலைத் தனியா அடைச்சு வச்சா அதன் நேரம் கொஞ்சம் கொஞ்சமா ஊர் நேரத்திலிருந்து விலகிப் போச்சு. ஆனா அதே குகையில் சுதந்திரமா வந்து போகிற கூட்டம் பக்கத்தில் இருந்தால், கூண்டுக்குள்ளே இருந்த வௌவாலும் கூட்டத்தோடு ஒத்து எழுந்தது. மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் மூணு பேரும் 1981ல் வெளியிட்ட ஆய்வு இது. மறு வருஷம் ஜோஷியும் சந்திரசேகரனும் இன்னொண்ணைக் காட்டினாங்க: நட்சத்திர வெளிச்சத்தைவிட மங்கலான பகல் வெளிச்சம் போதும், ஒரு வகை வௌவாலின் கடிகாரம் அதைப் பார்த்து நேரம் சரி செஞ்சுக்கும்.

அப்புறம் மனுஷனுக்கு வந்தாங்க. பல்கலைக்கழக வளாகத்திலேயே சத்தம் புகாத, சூரியன் தெரியாத ஓர் இடத்தைக் கட்டினாங்க. விருப்பப்பட்டவங்க வாரக்கணக்கில் அதுக்குள்ளே இருந்தாங்க. கடிகாரம் இல்லை, ரேடியோ இல்லை, பேப்பர் இல்லை. தூக்கம் வந்தா தானே விளக்கை அணைச்சுப் படுக்கலாம், முழிப்பு வந்தா போட்டுக்கலாம். ஒரு பெண் தன்னார்வலரை வச்சு நடந்த ஆய்வு 1991ல் வெளிவந்தது. மாதவிடாய்ச் சுழற்சி, தூக்கம்-விழிப்புச் சுழற்சியோடு இணைஞ்சு ஓடவில்லை, அது தன் போக்கில் தனியா ஓடுதுன்னு அதில் தெரிஞ்சது. ஒரே உடம்புக்குள்ளே பல கணக்குப் புத்தகம் இருக்கிற மாதிரி.

இப்படி வெளி உலகம் தெரியாமல் விட்டால், மனுஷக் கடிகாரம் சரியா 24 மணி நேரத்துக்கு ஓடாது. 1999ல் ஹார்வர்டில் கவனமா அளந்தப்போ சராசரியா 24 மணி 11 நிமிஷம் வந்தது. 11 நிமிஷம்தானேன்னு தோணும். முப்பது வருஷத்துக்கு மேலே வங்கியில் நாள் கணக்கு டேலி பண்ணிய ஆள் நான். தினம் 11 நிமிஷம் இடிச்சா மாசத்துக்கு அஞ்சரை மணி நேரம். இந்த வித்தியாசத்தை ராத்திரி இருட்டும் காலை வெளிச்சமும்தான் தினமும் நேர் பண்ணுது. மதுரையில் இருந்தவங்க மாதிரி விளக்கின் சுவிட்ச் நம்ம கையில் இருந்தால், நேரம் பின்னாடி பின்னாடி தள்ளிப் போகும். அந்தச் சுவிட்ச் இப்போ ஒவ்வொரு வீட்டிலும் இருக்கு.

இதில் கண்ணுக்கு என்ன வேலைன்னு கொஞ்சம் பார்க்கணும். நாம பார்க்க உதவுகிற செல்கள் தவிர, பார்வைக்குச் சம்பந்தமில்லாத ஒரு வகை செல் விழித்திரையில் இருக்குன்னு 2002ல் உறுதியாச்சு. வெளிச்சம் இருக்கா, இல்லையா, எவ்வளவு நேரமா இருக்குன்னு மூளைக்கடிகாரத்துக்குத் தகவல் அனுப்புறதுதான் அதோட முக்கிய வேலை. அந்தச் செல்லுக்கு நீல வெளிச்சம் உறைக்கிற மாதிரி மஞ்சளோ சிவப்போ உறைக்காது. காலையில் வானம் நீலம், சாயந்தரம் செம்மஞ்சள், ராத்திரி நெருப்பு. மனுஷன் விளக்கேத்திய காலம் முழுக்க ராத்திரி வெளிச்சம்னா நெருப்பு வெளிச்சம்தான்.

இருட்டினதும் மூளைக்குள்ளே பீனியல் சுரப்பி மெலட்டோனின் என்ற பொருளைச் சுரக்க ஆரம்பிக்கும். படுக்கப் போகிறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே அது ஆரம்பிச்சிடும். பலர் இதைத் தூக்க மருந்துன்னு நினைக்கிறாங்க. சரியா சொன்னா அது இருட்டுக்கான தண்டோரா. 'ராத்திரி வந்தாச்சு'ன்னு உடம்பு முழுக்கப் போய்ச் சொல்லும். கண்ணில் பிரகாசமான வெளிச்சம் விழுந்தால் தண்டோராக்காரன் வாயை மூடிக்குவான். 2011ல் 116 பேரை வச்சு அமெரிக்காவில் பார்த்தாங்க. தூங்குறதுக்கு முன்னாடி சில மணி நேரம், 200 லக்ஸுக்கும் குறைவான சாதாரண அறை வெளிச்சத்தில் இருந்தவங்களுக்கு, மங்கல் வெளிச்சத்தில் இருந்ததைவிட மெலட்டோனின் சுரக்கிற நேரம் ஒண்ணரை மணி நேரம் குறைஞ்சு போனது. வீட்டு ஹாலில் டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து டிவி பார்க்கிறோமே, அந்த வெளிச்சம்தான் அது.

லக்ஸ்னா என்னன்னு ஒரு வார்த்தை. மெழுகுவத்தியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி விழுகிற வெளிச்சம் சுமார் 1 லக்ஸ். பௌர்ணமி நிலவு கால் லக்ஸ் வந்தாலே அதிகம். செல்போனில் இதை அளக்க இலவசச் செயலி இருக்கு. துல்லியமா இருக்காது, ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். எங்க ஹாலில் உட்கார்ந்த நிலையில் கண் மட்டத்தில் 150 காட்டியது. படுக்கை அறையில் ஜீரோ வாட் பல்பு மட்டும் எரிஞ்சப்ப 1ஐத் தொடலை. காலை 8 மணிக்கு வரப்பில் நின்னா 30,000க்கு மேல. இந்த மூணு எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்க. வீட்டுக்குள்ளே நாம பிரகாசம்னு நினைக்கிறது வயலுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை. அதே சமயம் நிலா வெளிச்சத்தைவிட 600 மடங்கு அதிகம். பகலுக்குப் பத்தாது, ராத்திரிக்கு ஆகாது. ரெண்டுங்கெட்டான் வெளிச்சம்.

நம்ம தாத்தா காலத்தில் இந்தப் பிரச்சினைக்கு இடமே இல்லை, வெளிச்சம் அவ்வளவு விலை. சோழர் கல்வெட்டுகளில் கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, வைக்க 96 ஆடு கொடுத்ததா திரும்பத் திரும்ப வரும். அந்த ஆட்டு மந்தையைப் பராமரிச்சு தினம் ஓர் உழக்கு நெய் அளக்கணும். குட்டி போட்டு எண்ணிக்கை குறையாமல் வர்றதால் சாவா மூவாப் பேராடுன்னு பேர். ஒரு விளக்கு, ஒரு சுடர், அதுக்கு 96 ஆடு. வங்கிக்காரன் புத்தி, இதை வைப்பு நிதின்னுதான் பார்க்கத் தோணுது: அசல் தொடாம, வட்டியில் விளக்கு எரியுது. வீடுகளில் மாடக்குழியில் ஓர் இலுப்பெண்ணெய் அகல், பிறகு சிம்னி, அரிக்கேன். கல்யாணம், திருவிழான்னா பெட்ரோமாக்ஸ். குண்டு பல்பு வந்தப்பகூட அது மஞ்சள்தான். டியூப் லைட் வந்தபிறகுதான் வீட்டுக்குள்ளே ராத்திரி வெள்ளையாச்சு.

அடுத்து எல்இடி. நீல எல்இடியைக் கண்டுபிடிச்ச அகசாகி, அமானோ, நகமுரா மூணு பேருக்கும் 2014ல் நோபல் கொடுத்தாங்க. கொடுக்க வேண்டியதுதான். 2015ல் உஜாலா திட்டம் வந்து நாடு முழுக்க எல்இடி பல்பு மலிஞ்சது. 60 வாட் குண்டு பல்பு செஞ்ச வேலையை 9 வாட்டில் செய்யுது, கரண்ட் பில் குறைஞ்சது, நான் அதுக்கு எதிரி இல்லை. ஆனா வெள்ளை எல்இடின்னா உள்ளே இருக்கிறது நீல எல்இடி. மேலே ஒரு மஞ்சள் பூச்சு பூசி வெள்ளையாக்குறாங்க. பூச்சு குறைஞ்சா நீலம் தூக்கலா இருக்கும். அட்டைப் பெட்டியிலேயே 6500கே, 'கூல் டேலைட்' என்று போட்டிருக்கும். 2700கே அல்லது 3000கே என்றால் 'வார்ம் ஒயிட்', பழைய குண்டு பல்பு மாதிரி மஞ்சள். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா நம்ம ஊர்க் கடையில் கேட்டால், "மஞ்சளா? அது மங்கலா இருக்குமே சார், யாரும் வாங்குறதில்ல"ன்னு வெள்ளையைத்தான் நீட்டுவாங்க.

ஜீரோ வாட் பல்பு விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. நம்ம வீடுகளில் ராத்திரி விளக்குன்னா நீலக் கலர்தான் குளிர்ச்சின்னு ஒரு பழக்கம். கடிகாரத்துக்கு நல்லா உறைக்கிற நிறத்தையே தேடிப் பிடிச்சுத் தூங்குற அறையில் வைக்கிறோம். ரொம்ப மங்கல் என்பதால் அதனால் ஊர் முழுகிடாது. மாத்தும்போது சிவப்பாவோ மஞ்சளாவோ மாத்துங்க, அவ்வளவுதான்.

சரி, இதனால் உடம்புக்கு என்ன கெடுதல்? தூக்கம் தள்ளிப் போகிறது ஒரு பக்கம். நம்ம வீடுகளில் சர்க்கரை நோய் இல்லாத வீடு குறைஞ்சுக்கிட்டே வருது, அதனால் ஒரு சின்ன ஆய்வைக் குறிப்பிட்டுச் சொல்றேன். 2022ல் சிகாகோவில் 20 பேரைத் தூங்க வச்சாங்க. ஒரு பாதிப் பேருக்கு ஒரே ஒரு ராத்திரி 100 லக்ஸ் விளக்கு எரிஞ்சது, மத்தவங்களுக்கு 3 லக்ஸுக்கும் குறைவு. விளக்கில் தூங்கினவங்களுக்கு ராத்திரி முழுக்க இதயத் துடிப்பு கூடுதலா இருந்தது. காலையில் இன்சுலின் வேலை செய்யிறதும் மந்தமாச்சு. கண் மூடித் தூங்கினாலும் இமைக்குள்ளே வெளிச்சம் போகுது. இருபது பேர், ஒரு ராத்திரி, அதை வச்சு சர்க்கரைக்கு விளக்குதான் காரணம்னு சொல்ல முடியாது. விளக்கை அணைச்சிட்டு மாத்திரையை நிறுத்திடாதீங்க. ஆனா இன்னொரு பெரிய விஷயம் இருக்கு: வருஷக்கணக்கில் இரவு ஷிப்ட் பார்க்கிறது புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளதுன்னு உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007ல் வகைப்படுத்தி, 2019ல் மறுபடி உறுதி செஞ்சிருக்கு. அங்கே வெளிச்சம் மட்டுமில்ல, சாப்பாடு, தூக்கம் எல்லாம் தலைகீழா மாறுது. திருப்பூருக்கும் ஓரகடத்துக்கும் ஷிப்ட் வேலைக்குப் போன நம்ம வீட்டுப் பிள்ளைகளை நினைச்சுக்கிட்டேதான் இதை எழுதறேன்.

ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. ஒரே வெளிச்சத்துக்கு ஒருத்தர் உடம்பு காட்டுகிற எதிர்வினை இன்னொருத்தரைவிட 50 மடங்கு வரைக்கும் மாறும்னு 2019ல் ஆஸ்திரேலியாவில் அளந்திருக்காங்க. சின்னப் பிள்ளைகளுக்கு ரொம்ப உறைக்கும், அவங்க கண்மணி பெரிசு, லென்ஸ் பளிங்கு மாதிரி. வயசானவங்களுக்கு லென்ஸ் பழுப்பாகிறதால் நீலம் குறைவாத்தான் உள்ளே போகும். 'நான் டியூப் லைட்டுலயே தூங்குவேன், எனக்கு ஒண்ணும் ஆகல'ன்னு சொல்ற பெரியப்பாவை வச்சு அதே ஹாலில் படுக்கிற பேரப்பிள்ளைக்குக் கணக்குப் போடக் கூடாது.

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியக்காலையில் வந்தது. மின்கம்பங்கள் வரிசையாச் சாஞ்சு, பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த நாட்களில் எட்டு மணிக்கே தெரு அடங்கிப் போனதும், விடியறதுக்கு முன்னாடியே ஊர் எழுந்ததும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 'அப்போ எவ்வளவு நல்லாத் தூங்கினோம்'னு சிலர் சொல்றாங்க. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தென்னை சாஞ்சு, கூரை போய், கொசுக் கடியில் நல்லாத் தூங்கினவங்க யாரு? சீக்கிரம் படுத்தாங்க, அவ்வளவுதான். இதைச் சுத்தமாச் சோதிச்சுப் பார்த்தது அமெரிக்காவில் கொலராடோவில், 2013ல் வெளியான ஆய்வு. எட்டுப் பேரை ஒரு வாரம் மலையில் கூடாரம் போட்டுத் தங்க வச்சாங்க. டார்ச் கூடக் கிடையாது, சூரியனும் நெருப்பும்தான். ஒரே வாரத்தில் அவங்க உடல் கடிகாரம் சுமார் ரெண்டு மணி நேரம் முன்னாடி நகர்ந்து பொழுதோடு ஒட்டிக்கிச்சு.

அர்ஜென்டினாவில் தோபா பழங்குடி மக்களில் கரண்ட் உள்ள ஊரையும் இல்லாத ஊரையும் ஒப்பிட்டாங்க. கரண்ட் உள்ளவங்க முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை குறைவாத் தூங்கினாங்க. அதுக்காக, கரண்ட் இல்லாத காலத்து மக்கள் பொழுது சாஞ்சதும் கட்டையை நீட்டினாங்கன்னு நினைக்காதீங்க. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் இன்னமும் வேட்டையாடி வாழ்கிற மூணு இன மக்களை அளந்தப்போ, பொழுது சாஞ்சு மூணு மணி நேரத்துக்கு மேல கழிச்சுத்தான் தூங்கியிருக்காங்க. ராத்திரியில் தூங்கினதும் சராசரியா ஆறு, ஆறரை மணி நேரம்தான். திண்ணைப் பேச்சு எல்லா ஊர்லயும் உண்டு. வித்தியாசம், அது நெருப்பு வெளிச்சத்தில் நடந்த பேச்சு.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். எங்க வயலில் களை எடுக்க வர்ற ஓர் அம்மா இதைக் கேட்டுட்டு, "ஐயா, வௌக்க அமத்திட்டுப் படுங்கங்கிறீங்க. பாம்பு வந்தா யாரு பாக்குறது?"ன்னாங்க. டெல்டாவில் இது விளையாட்டு இல்லை. கட்டுவிரியன் ராத்திரிதான் நடமாடும், தரையில் தூங்குறவங்களைத்தான் அதிகம் கடிக்கும், கடிச்சது பல நேரம் தெரியக்கூடத் தெரியாது. ஆனா தூங்குறவங்களுக்கு எரியுற விளக்கால் என்ன பிரயோஜனம்? அவங்க கண்தான் மூடியிருக்கே. விரியனுக்குத் தடுப்பு, கட்டில், அதோடு பாய்க்கு அடியில் நல்லாச் செருகின கொசுவலை. நேபாளத் தராய்ச் சமவெளியில் நடந்த ஆய்வில் கொசுவலைக்குள் தூங்கினவங்களுக்குப் பாம்புக்கடி குறைவுன்னு தெரிஞ்சிருக்கு. இன்னொண்ணு, வாசலில் வெள்ளை விளக்கு விடிய விடிய எரிஞ்சா பூச்சி கூடும், பூச்சிக்குத் தவளை வரும், தவளைக்கு எது வரும்னு உழவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. எழுந்து நடக்கும்போதுதான் வெளிச்சம் வேணும். தலைமாட்டில் டார்ச், கொல்லைக்குப் போகிற வழியில் முழங்காலுக்குக் கீழே ஒரு சின்ன மஞ்சள் விளக்கு. ஆள் நடந்தா எரியுற சென்சார் விளக்கு இப்போ வருது, வயசானவங்க உள்ள வீட்டுக்கு அது ரொம்ப நல்லது. ராத்திரி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சா, தூக்கத்தைப் பத்திப் பேசவே வேண்டாம்.

எங்க வீட்டில் செஞ்சிருக்கிறதைச் சொல்றேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஹாலில் டியூப் போடலாம், பிள்ளைங்க படிக்கணும், வெங்காயம் நறுக்கணும். எட்டு மணிக்கு டியூப் நின்னுடும். சுவரோரம் தாழ்வா ஒரு 3 வாட் வார்ம் ஒயிட் மட்டும். வெளிச்சம் நேரா கண்ணில் விழாமல் சுவரில் பட்டு வருது. படுக்கை அறையில் ஒண்ணும் எரியாது. வாசல் விளக்கை ஜன்னல் பக்கம் படாமல் கீழே பார்க்கத் திருப்பியாச்சு. வீட்டம்மா முதலில் "இழவு வீடு மாதிரி இருக்கு"ன்னாங்க. பத்து நாளில் பழகிடுச்சு. 2022ல் இந்தத் துறை அறிஞர்கள் கூடி ஒரு வழிகாட்டு எண் கொடுத்திருக்காங்க. நீலத்துக்குத் தனிக் கணக்குப் போட்ட லக்ஸில், பகலில் கண் மட்டத்தில் குறைஞ்சது 250, படுக்கிறதுக்கு மூணு மணி நேரம் முன்னாலிருந்து அதிகபட்சம் 10, தூங்கும்போது 1க்கு மேல் வேண்டாம். விளக்கு மஞ்சளானால் அதே பிரகாசத்துக்கு இந்தக் கணக்கு ஏறக்குறைய பாதிதான் வரும்.

இதில் முதல் எண் உழவனுக்குக் கிடைச்ச கொடை. பகலில் நல்ல வெளிச்சம் வாங்கின உடம்பை, ராத்திரி வெளிச்சம் அவ்வளவா அசைக்காது. வரவு பலமா இருந்தால் சின்னச் சின்ன செலவு தாங்கும். ஏசி அறையில் ஜன்னலை மூடி டியூப் லைட்டில் உட்கார்ந்திருக்கிற வங்கி ஊழியருக்கு வரவே இல்லை. மார்ச் 31 ஆண்டு முடிவுக் கணக்குக்கு விடிய விடிய உட்கார்ந்துட்டு, அப்புறம் ஒரு வாரம் தூக்கம் திரும்பாமல் தவிச்ச சகாக்கள் எத்தனையோ பேர். காலையில் வயலைச் சுத்தி வர்ற அரை மணி நேரம், அதுவும் எழுந்த கொஞ்ச நேரத்துக்குள்ளே, கடிகாரத்தை நேர் பண்ணும். ஓய்வு பெற்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறவங்க இதையாவது செய்யணும்.

செல்போனைப் பத்தி எல்லாரும் பேசியாச்சு. படுக்கையில் பக்கத்தில் பிடிச்சுப் பார்த்தால் வெளிச்சமும் தப்பு, அதைவிட அதில் வர்ற சண்டை தப்பு. மேலே போகிறேன்.

விளக்குப்பொறி வைக்கிறவங்களுக்கு ஒரு குறிப்பு. தண்டுத் துளைப்பான் அந்துப்பூச்சிக்கு மாலை 6 மணியிலிருந்து 9, மிஞ்சினால் 10 மணிவரை எரிஞ்சா போதும். அதுக்கு மேல் எரிஞ்சா நன்மை செய்யும் பூச்சியும் விழும்னு சொல்றது தெரிஞ்சதே. பருவம் பார்க்கும் சம்பா வயலுக்கு அணைக்க இன்னொரு காரணமும் கிடைச்சாச்சு. அங்கே கதிர் உருவாகுற சமயத்தில் பொறியை வரப்பு ஓரத்தில் வைக்காம களத்துப் பக்கம் தள்ளி வையுங்க.

தூக்கம் விளக்கால் மட்டும் கெடுறதில்லை. சென்னையில் குறைஞ்ச வருமானக்காரர்கள் 452 பேரை வச்சு ஒரு பெரிய ஆய்வு நடந்து 2021ல் வெளிவந்தது. அவங்க ராத்திரி 8 மணி நேரம் படுக்கையில் இருந்தாங்க, தூங்கினது அஞ்சரை மணி நேரம்தான். புழுக்கம், கொசு, சத்தம், வெளிச்சம், எல்லாம் சேர்ந்து தூக்கத்தைத் துண்டு துண்டா வெட்டிடுச்சு. கண்மறைப்பு, காதடைப்பு, மின்விசிறி எல்லாம் கொடுத்து, யோசனையும் சொன்னபிறகு, ராத்திரித் தூக்கம் சராசரி 27 நிமிஷம் கூடிச்சு. ஆனா அதனால் வேலைத் திறனோ சம்பாத்தியமோ கூடலை. எதிர்பார்க்காதது என்னன்னா, மதியம் வேலை இடத்திலேயே அரை மணி நேரம் தூங்க விட்டவங்களுக்கு வேலைத் திறனும் மனநிலையும் மேம்பட்டது. துண்டு துண்டான தூக்கத்தில் இன்னும் அரை மணி சேர்த்தால் அது துண்டாத்தான் சேருதுன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன்.

வாய்க்கா முறைக்கோ, மும்முனை மின்சார நேரத்துக்கோ ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து மோட்டார் போடப் போகிறவங்க தலையில் கட்டுகிற வெள்ளை டார்ச்சுக்குப் பதில் மஞ்சள் டார்ச் எடுத்துட்டுப் போங்க. நடக்கும்போது வெளிச்சம் தரையில் விழட்டும், பாம்பும் வழியும் அதில் தெரிஞ்சிடும். திரும்பி வந்து ஹால் டியூபைப் போட்டு டீ வச்சுக் குடிச்சா அதோட அன்னைக்குத் தூக்கம் முடிஞ்சது. கை கால் கழுவிட்டு இருட்டிலேயே படுத்திடணும். மறுநாள் பன்னெண்டு மணி வெயிலுக்கு எப்படியும் வரப்பை விட்டு ஏறித்தான் ஆகணும். சாப்பிட்டுட்டுத் திண்ணையில் அரை மணி நேரம் கண்ணசரலாம், அலாரம் வச்சுக்கிட்டு. ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் அது அன்னைக்கு ராத்திரிக் கணக்கில் பத்து எழுதும்.